கரண்டியில் ஒட்டிய உப்பு

செம்பட்டி,
ஐப்பசி 22, சனிக்கிழமை.

அன்பு மிகுந்த பேத்தி சௌந்தரத்துக்கு, உன் அப்பத்தா அய்யம்மாள் தலையில் கை வைத்து எழுதுவது.

கடிதம்னா நலம், நலமறிய ஆவல்னு தொடங்கணும்னு எனக்கும் தெரியும். ஆனா இங்க யாரும் நலமா இல்ல. உங்கப்பன் சுருளிவேல் வியாழக்கிழமையிலிருந்து என்கூடப் பேசுறதில்ல. உங்கம்மா சோத்தைப் போட்டுட்டு, தொட்டுக்கிற வெஞ்சனத்தை மறந்த மாதிரி போயிருது. பழனியிலிருந்து உங்க அத்தை பாண்டியம்மா போன் போட்டு, அழுது, நான் பதில் சொல்றதுக்குள்ள வச்சிருச்சு. இந்த லட்சணத்தில நலம்னு எழுதினா பொய்யாயிரும்.

இதை நானேதான் எழுதுறேன். யாரையாச்சும் வச்சு எழுதினா என் வசவையெல்லாம் விட்டுட்டு நல்லதை மட்டும் எழுதுவாக. எழுத்து கோணலா இருக்கும், ஒற்று விட்டுப்போகும், நீயே போட்டுப் படிச்சுக்க. போன்ல சொல்லலாம்னா என் பேரைப் பார்த்தாலே நீ கட் பண்ணிர்ற. உங்கப்பனுக்கு மட்டும் எடுக்கிற, எனக்கு எடுக்க மாட்டேங்கிற. இதையும் நான் ஞாபகத்தில வச்சிருக்கேன்.

உங்கப்பன் சொல்லியிருப்பான், நல்ல இடம் வந்துச்சு, அப்பத்தா கெடுத்துருச்சுன்னு. கெடுத்தது உண்மைதான். எதுக்குக் கெடுத்தேன்னு அவன் சொல்லியிருக்க மாட்டான், ஏன்னா அவன் கேக்கல. நான் முதல்ல இருந்து சொல்றேன். செத்த நேரம் கோவப்படாம படி.

தீவாளி முடிஞ்ச வாரம் நீ போன் பண்ணின. அழுத. இரும்பு நட்சத்திரத்தில இல்ல அப்பத்தா, பெட்டியில இருந்துச்சு, எல்லாம் போச்சுன்னு சொன்ன. என்ன தாயி, எந்தப் பெட்டின்னு கேட்டேன். உனக்குப் புரியாது அப்பத்தான்னு சொல்லிட்டு வச்சிட்ட. மறுநாள் உங்கப்பன்கிட்ட, நீங்க பார்க்கிற இடம் சரி, நான் இந்த மாசக் கடைசியில படிப்பை விடுறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துருவேன்னு சொல்லியிருக்க. அவனுக்குச் சந்தோசம். அழுதது எங்கிட்ட, சரின்னு சொன்னது அவன்கிட்ட.

உனக்குப் புரியாதுங்கிற வார்த்தையை என் ஆயுசுல நிறையப் பேரு சொல்லியிருக்காக. உங்க தாத்தா சொன்னாரு, தோட்டத்தில எங்க கிணறு வெட்டணும்னு நான் வாயைத் திறந்தப்ப. மார்க்கெட்டில கமிஷன் கடை அய்யனார் சொன்னான், காஞ்ச சாக்கை ஈரச் சாக்குன்னு சொல்லிக் கழிவு போட்டு எடையைக் குறைச்சதை நான் கேட்டப்ப. பள்ளிக்கூடத்தில கிளாரா டீச்சர் சொல்லுச்சு. நீ பன்னெண்டாவது படிக்கையில பெத்தவுகளைக் கூப்பிட்டப்ப நான்தான் வந்தேன். வானத்தைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்னு கேட்டேன். அதுக்கு அந்தம்மா பச்சைச் சேலையை இழுத்து விட்டுக்கிட்டு, உங்களுக்குப் புரியாது பாட்டின்னுச்சு. அம்புட்டுப் பேருக்கு முன்னால. அன்னைக்கிருந்து அந்த வீதிப்பக்கம்கூட நான் போனதில்ல. கடைசியில நீயும் சொல்லிட்ட.

புரியுதா இல்லையான்னு பார்த்துருவோம்னு, வீம்புக்குன்னே திண்டுக்கல் பஸ் ஏறி அந்த டீச்சர் வீட்டுக்கே போனேன். ஆமா, நான்தான் போனேன். வாயை மூடு. உன்னை அந்த நட்சத்திரப் பைத்தியத்தில பிடிச்சுத் தள்ளினது அந்தம்மாதானே, வேற யாருகிட்டப் போய்க் கேப்பேன்?

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அது. வேலையிலிருந்து ஓய்வாகி வீட்லதான் இருக்கு. மேசை மேல மிச்ச மெழுகுவர்த்தியும், வாடின செவ்வந்தியும் கிடந்துச்சு. என்னைக் கண்டதும், வாங்க பாட்டி, சௌந்தரம் பாட்டிதானேன்னு கையைப் பிடிச்சுக்கிருச்சு. நான் கையை உருவிக்கிட்டு, இன்ன வருசம் இன்ன இடத்தில இப்படிச் சொன்னியே தாயின்னு கேட்டேன். அப்படியா சொன்னேன்னு முழிக்குது. மறந்துபோச்சாம். சொல்றவுகளுக்கு மறந்துரும், வாங்கிக்கிட்டவுகளுக்குத்தான் மறக்காது. காப்பி வேணாம்னு சொல்லிட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் ஆயிருச்சேன்னு குடிச்சேன்.

நீ சொன்னதை அப்படியே சொன்னேன். இரும்பு நட்சத்திரத்தில இல்லையாம், பெட்டியில இருந்துச்சாம், பிள்ளை அழுகுதுன்னேன். அந்தம்மா முகம் செத்துருச்சு. நீ எழுதினதைத் திருப்பி வாங்கின கதையை அதுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தியாம், அழுதது மட்டும் தெரியாதாம். பிறகு என்னை உட்கார வச்சுச் சொல்லுச்சு, ஒண்ணாப்புப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. நீ பார்க்கிறது தனி நட்சத்திரம் இல்லையாம், ஜோடியாம். ஒண்ணு இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்குது. இன்னொண்ணு எரிஞ்சு முடிஞ்சு, செத்து, சுருங்கிப்போனது. எம்புட்டுச் சுருங்கினதுன்னா, திண்டுக்கல்லுக்கும் செம்பட்டிக்கும் உள்ள தூரம்தான் அதோட அகலமாம். நான் வந்த பஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிரும். ஆனா கனம் சூரியனை விடக் கூடுதலாம். அந்தச் செத்தது சும்மா கிடக்காம, பக்கத்தில எரியிறதோட உடம்பை உறிஞ்சுதாம். உறிஞ்சினது சுத்திச் சுத்தி விழையில கொதிச்சு, எக்ஸ்ரேயா வெளிய வருதாம்.

செத்தது உசிரோட இருக்கிறதை உறிஞ்சுமான்னு நீ என்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். உங்க தாத்தா போய் எம்புட்டுக் காலமாச்சு. இன்னும் அந்தக் கிணத்து மேட்டைத் தாண்டையில எனக்கு உடம்பு எரியுது.

எக்ஸ்ரேன்னா நான் முழங்கால் வலிக்கு எடுத்தது மாதிரி நெகட்டிவ்ல விழுமாக்கும்னு இத்தனை காலம் நினைச்சிருந்தேன். அது இல்லையாம். டீச்சர் என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கிட்டுப் போய் கேஸைப் பத்த வச்சுச்சு. நீலமா எரிஞ்சது. பாருங்க பாட்டி, இப்ப உப்பைப் போட்டா மஞ்சளா எரியும், உப்புன்னா அந்த மஞ்சள்தான், அதுபோல இரும்புக்கும் ஒரு நிறம் உண்டு, கண்ணுக்குத் தெரியாத நிறம், எக்ஸ்ரேயில அந்த நிறம் வந்தா அங்க இரும்பு இருக்குன்னு அர்த்தம்னு சொல்லிக்கிட்டே கரண்டியைத் தீயில நீட்டுச்சு. தீ மஞ்சளா ஆயிருச்சு. நான் சொன்னேன், டீச்சர், நீங்க இன்னும் உப்பே போடலையேன்னு.

அந்தம்மா கரண்டியைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு. அதேதான் பாட்டி, உங்க பேத்திக்கு நடந்தது இதேதான்னு சொல்லி அடுப்பை அணைச்சிருச்சு. கரண்டியில ஏற்கெனவே உப்பு ஒட்டியிருந்திருக்கு. அந்த எக்ஸ்ரே தரைக்கு வராதுன்னு மேல சுத்துற செயற்கைக்கோள்ல பெட்டி வச்சுப் பிடிக்கிறாகளாம். அந்தப் பெட்டியிலயும் இரும்பு இருக்கு, அதுவும் அதே நிறத்தில மினுக்குமாம். அதைக் கழிச்சுட்டுத்தான் நட்சத்திரத்தோட இரும்பைச் சொல்லணும். நீ கொஞ்சமாக் கழிச்சிட்ட. அதனால உனக்கு நிறைய இரும்பு தெரிஞ்சிருக்கு.

கழிவுன்னதும் எனக்குச் சுர்ருன்னுச்சு. கழிவைக் கண்டுபிடிச்சவன் நாசமாப் போக, எம்பேத்தியைக் கூடுதலாக் கழிக்கச் சொல்றது எந்தக் கமிஷன் கடைக்காரன்னு கேட்டேன். டீச்சர் சிரிச்சிருச்சு. பாட்டி, இந்தக் கடையில வியாபாரியும் அவதான், வெள்ளாமைக்காரியும் அவதான்னு சொல்லுச்சு. எனக்கு அது விளங்க நேரமாச்சு. திரும்பி வரையில பஸ்ல, வக்கம்பட்டி தாண்டின பிறகுதான் விளங்குச்சு. உன் சாக்கை நீயே நிறுத்தியிருக்க. நீயே எழுதியிருக்க. அங்க உனக்குச் சொல்லித் தர்ற வாத்தியாரம்மா பார்த்திருக்கு, சரின்னுருச்சு. அச்சுப் போடுறவுக பார்த்திருக்காக, சரின்னுட்டாக. அதுக்குப் பிறகு நீயே திரும்ப நிறுத்துப் பார்த்து, ஐயையோ, எடை கூடுதலா எழுதிட்டேன், இதை அச்சுப் போடாதீகன்னு சொல்லித் திருப்பி வாங்கியிருக்க. யாரும் கேக்காம. யாரும் கண்டுபிடிக்காம.

எந்த மார்க்கெட்டில எந்த வியாபாரி இப்படிச் சொல்லியிருக்கான்? அய்யனார் சொன்னானா? அவன் செத்தும் சொல்லல.

இதுக்கா அழுத? இதுக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாரேன்னு சொல்ற? தப்பு எடை போட்டவன் தராசோட ஊருக்குள்ள நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரியுறான். நீ சரியான எடையைச் சொல்லிட்டு மூலையில உட்கார்ந்திருக்க. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. பஸ்ல பக்கத்தில உட்கார்ந்திருந்த அம்மா, ஏம்மா உடம்புக்கு முடியலையான்னு கேட்டுச்சு. எம்பேத்திக்கு அறிவு முடியலன்னு சொன்னேன்.

சரி, வியாழக்கிழமைக்கு வாரேன். உங்க அத்தை பாண்டியம்மா கூட்டிக்கிட்டு வந்த இடம். பையன் பேரு பழனிக்குமார். திண்டுக்கல்ல ஸ்கேன் சென்டர் வச்சிருக்காக. பையனைக் குத்தம் சொல்ல மாட்டேன், அடக்கமாத்தான் இருந்தான். பூ, பழம், பஞ்சாமிர்தம், பெரிய கார். உங்கம்மா கேசரி கிண்டினா, முந்திரியெல்லாம் அவுக தட்டில, எனக்குத் திராட்சை மட்டும். அதுவும் ஞாபகத்தில இருக்கு.

பேச்சு வரையிலதான் எனக்குச் சேதி தெரியுது. உங்க அத்தை அவுககிட்ட, பொண்ணு எக்ஸ்ரேயில டாக்டர் பட்டம் வாங்கப் போகுதுன்னு சொல்லியிருக்கா. பொய் இல்ல பாரு. ஒரு வார்த்தை பொய் இல்ல. ஆனா அம்புட்டும் பொய். பையனோட அப்பா உங்கப்பன்கிட்ட, இனிமே வெளியாளை வைக்க வேண்டியதில்ல, நம்ம சென்டர்ல மருமகளே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிரும்னு சொல்றாரு. பையன் மெதுவா, அவுக அங்க எந்தக் கம்பெனி மெஷின்ல வேலை செய்யுறாகன்னு கேக்குறான். உங்கப்பன் என்ன சொன்னான் தெரியுமா? பெரிய மெஷின்தான் மாப்ளேங்கிறான்! மேல பறக்குற மெஷின்னு சொல்ல வாய் வரல. உங்கம்மா காப்பித் தம்ளரை அடுக்குது. பாண்டியம்மா விட்டத்தைப் பார்க்குது. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியமா வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

அப்பத்தான் அந்தப் பையனோட அம்மா என் பக்கம் திரும்பி, ஏனுங்க பாட்டி, பொண்ணு என்ன நட்சத்திரமுங்கன்னு கேட்டாக. பழனிப் பக்கத்துக்காரக, பேச்சு மரியாதையாத்தான் இருந்துச்சு. மரியாதையாக் கேட்டதுக்கு மரியாதையாப் பதில் சொன்னேன். அது செத்துப்போன நட்சத்திரமுங்க, ஜோடியில இருக்கிற இன்னொண்ணை உறிஞ்சிக்கிட்டு இருக்குதுங்கன்னேன்.

அந்தம்மா கையிலிருந்த கேசரி கையிலேயே நின்னுருச்சு. உங்கப்பன், ஐயோ ஆத்தா, அவுக கேட்டது ஜாதக நட்சத்திரம்னு பதறுறான். நான் சொன்னேன், அவ அஞ்சு வருசமா ராத்திரி பகலாப் பார்க்கிற நட்சத்திரம் இதுதான், பொண்ணைப் பத்திக் கேட்டா இதைத்தானே சொல்லணும்னு. அதோட விட்டேனா, நீங்க நினைக்கிற எக்ஸ்ரே இல்லைங்க இது, எம்பேத்திக்கு நெஞ்சு எலும்பு எது விலா எலும்பு எதுன்னு தெரியாதுங்க, உங்க சென்டர்ல உட்கார வச்சா நல்லா இருக்கிறவனையும் ஆசுபத்திரியில சேர்த்துருவாளுங்கன்னேன். பையன் குனிஞ்சு சிரிச்சான். அவன் ஒருத்தன்தான் சிரிச்சான். பெரியவுக எந்திரிச்சுட்டாக. பஞ்சாமிர்தத்தை மட்டும் விட்டுட்டுப் போனாக, மரியாதைக்காரக.

உங்கப்பன் கத்தினான். வேணும்னே சொன்னியா ஆத்தான்னு கேட்டான். ஏலே, உன் மக அவிட்டம், ரெண்டாம் பாதம், திண்டுக்கல்ல மழை கொட்டின அன்னைக்குப் பிறந்தவ, மருத்துவச்சி கட்டியிருந்த சேலை நிறம்கூட எனக்குத் தெரியும், எனக்கா மறக்கும்னு கேட்டேன். அப்போ வேணும்னுதானேன்னான். வேணும்னுதான்னே வச்சுக்கன்னேன். அதுக்குப் பிறகுதான் பேச்சை நிறுத்தினான்.

கல்யாணம் கட்டிக்க வேண்டாம்னு நான் சொல்லல தாயி. கட்டிக்க. நல்லவனாப் பார்த்து, நீ என்ன பார்க்கிறன்னு தெரிஞ்சவனாப் பார்த்துக் கட்டிக்க. அந்தப் பையனே விசயம் தெரிஞ்ச பிறகும் வாரேன்னா வரட்டும், நான் தடுக்கல. ஆனா ஒரு இடத்திலிருந்து ஓடி இன்னொரு இடத்தில ஒளியிறதுக்குப் பேரு கல்யாணம் இல்ல.

டீச்சர்கிட்ட நான் கடைசியாக் கேட்டேன். சரியாக் கழிச்ச பிறகு நட்சத்திரத்தில இரும்பு மிச்சம் இருக்குமான்னு. இருக்கலாம் பாட்டி, இல்லாமலும் போகலாம், திரும்பவும் முதல்ல இருந்து பார்க்கணும், ஒரு வருசம் ஆகும்னு சொல்லுச்சு. இல்லேன்னா அவ என்ன பண்ணுவான்னு கேட்டேன். இல்லேன்னு எழுதுவா, அதுவும் ஒரு பதில்தான்னு சொல்லுச்சு. எனக்கு அது பிடிக்கல. இருக்கும்னு சொல்லியிருந்தா என்னவாம் அந்தம்மாவுக்கு? ஆனா பொய் சொல்லல பாரு. அதனால பச்சைச் சேலைக் கோவத்தில பாதியைக் குறைச்சிருக்கேன். பாதி இருக்கட்டும்.

இப்ப எனக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணுதான். அதுக்குத்தான் இம்புட்டு எழுதினேன், கையும் வலிக்குது.

நான் அஞ்சாவதோட நின்னவ. நிப்பாட்டினது யாருன்னு எனக்குத் தெரியும். எங்க பெரியப்பா. மாட்டுக்கு ஆள் இல்லைன்னு சொல்லிச் சிலேட்டுப் பலகையைப் பிடுங்கிப் பரண்ல போட்டாரு. அவரு செத்த அன்னைக்கும் நான் அழல. அவரு பேரைச் சொல்லித் திட்டிக்கிட்டேதான் இந்த வயசு வரைக்கும் வந்தேன். திட்டுறதுக்கு ஒரு பேரு இருந்துச்சு, அது ஒரு ஊன்றுகோல் மாதிரி. உன்னை யாரு நிப்பாட்டினாகன்னு நாளைக்கு ஊரு கேட்டா, நான் யாரு பேரைச் சொல்றது? உங்கப்பன் நிப்பாட்டல. உன் வாத்தியாரம்மா போகச் சொல்லல. அந்த நட்சத்திரமும் ஒண்ணும் செய்யல, அது பாட்டுக்கு உறிஞ்சிக்கிட்டுக் கிடக்குது. நீயா எழுதிக் கொடுத்துட்டு வந்தா, அந்தப் பேரு உன் பேருதான்.

என் கோவம் ஆறாது சௌந்தரம். உனக்கே தெரியும். உங்க தாத்தா மேல உள்ளது ஆறல, அய்யனார் மேல உள்ளது ஆறல, முந்திரி இல்லாத கேசரி மேல உள்ளதே இன்னும் ஆறல. அதை உன் மேல வைக்கிற மாதிரி பண்ணிராதே. உன் மேல கோவத்தை வச்சுக்கிட்டு என்னால மீதி நாளைத் தள்ள முடியாது. எனக்கு மறக்கத் தெரியாது தாயி, யாரும் சொல்லித் தரல.

அந்தக் காகிதத்தில கையெழுத்துப் போடாதே. கரண்டியைக் கழுவிட்டுத் திரும்பத் தீயில நீட்டு. மஞ்சளா எரியுதோ நீலமா எரியுதோ, பார்த்துட்டு வா. பார்க்காம வராதே. பார்த்துட்டு வெறுங்கையோட வந்தாலும், செம்பட்டி முக்குல பஸ்ஸை விட்டு இறங்கையில நான் நிப்பேன், தலையை நிமித்திக்கிட்டு இறங்கு.

பருப்புப் பொடி இதோட அனுப்புறேன். உங்கம்மாதான் வறுத்துக் கொடுத்துச்சு, பேசாமலே கொடுத்துச்சு. உப்புப் பார்க்கல, கூடக் குறைய இருந்தா அது பொடியோட உப்பு இல்ல, டப்பாவோட உப்புன்னு நினைச்சுக்க.

இந்தக் கடிதம் கிடைச்சதும் என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்க மாட்டேன், நீ பேச வேண்டாம். உனக்கு இப்பப் பேசப் பிடிக்கல, எனக்கும் பேசினா வசவுதான் வரும். ஒரு மணி அடிச்சு நின்னா, இருந்து பார்க்கிறேன்னு அர்த்தம். அம்புட்டுப் போதும். போனை இடுப்பிலேயே சொருகிக்கிட்டுத் திரியுறேன், குளிக்கப் போகையிலயும் சன்னல் மேல வச்சுட்டுத்தான் போறேன்.

உனக்கு எல்லாம் நல்லா வரணும். உனக்குத் தாடிக்கொம்புக் கோயில் தாயாரு பேரை வச்சது நான்தான், அவ பார்த்துக்குவா. அவ பார்க்கலேன்னா அவ மேலயும் கோவம் வச்சுக்குவேன்.

இப்படிக்கு,
பேத்தியின் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்
அப்பத்தா அய்யம்மாள்.